கேக்கும்மா, நல்லாவே கேக்கும்

1

மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சம்மதப் படிவத்தை நிரப்பிச் சேமிக்கப் போனபோது என் மடிக்கணினி மறுத்துவிட்டது. இடமில்லையாம்.

நான் ஜெர்மனிக்கு வந்து இருபத்தோரு வருஷம் முடிந்த நாள் அது. கொண்டாட்டம் எதுவும் கிடையாது. காலையில் என் மனைவி செல்வி வேலைக்குக் கிளம்பும்போது, “இன்னைக்கு மஞ்சப் பை எடுக்கிற நாள், பிளாஸ்டிக் குப்பைய வெளிய வைக்க மறந்துராதீங்க” என்று மட்டும் சொன்னாள். ஒரு நாட்டில் இருபத்தோரு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்த்து இருக்க முடியாது.

அந்தப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மகள் இனியாவின் வகுப்பை இரண்டு நாள் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகிறார்கள். அதற்கு நாலு பக்கம். உங்கள் மகளுக்கு நீந்தத் தெரியுமா. தெரிந்தால், நீந்தலாமா. ஆசிரியர் இல்லாமல் மூன்று பேராகச் சேர்ந்து கடைத்தெருவுக்குப் போகலாமா. படம் எடுக்கலாமா, எடுத்த படத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டலாமா. காட்டில் உண்ணி கடித்தால் ஆசிரியர் அதைப் பிடுங்கி எறியலாமா. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கட்டம், ஆம், இல்லை. கடைசியில் கையெழுத்து.

எங்கள் எம். புதுப்பட்டியில் மாட்டுக்கு உண்ணி பிடுங்குகிறவர்கள் மாட்டிடம் கேட்டதில்லை. இங்கே கேட்காமல் பிடுங்கினால் உண்ணியே வழக்குப் போடும் போலிருக்கிறது. நான் கிண்டலாகச் சொன்னாலும், வந்த புதிதில் இந்தக் கேட்கும் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. புகைபோக்கி துடைக்க வருகிறவர்கூடப் பத்து நாள் முன்னால் கதவில் சீட்டு ஒட்டுவார்: இன்ன தேதி, இன்ன நேரம், வரலாமா. என் வாழ்க்கையில் என்னிடம் முதன்முதலாக ஒருவர் வரலாமா என்று கேட்டது அப்போதுதான். உணர்ச்சிவசப்பட்டு அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்கலாமா என்று யோசித்துவிட்டுக் குடித்தார்.

அப்பேர்ப்பட்ட நாட்டில், சம்மதப் படிவத்தைச் சேமிக்க என் கணினியில் இடமில்லை.

அதில் அப்படியொன்றும் பெரிதாகக் கிடையாது. எழுதத் தொடங்கி நிறுத்திய மூன்று கட்டுரைகள், ஊருக்குப் போனபோது எடுத்த படங்கள், குடியுரிமை அலுவலகத்துக்கு அனுப்பிய காகிதங்களின் நகல்கள். நான் இனியாவைக் கூப்பிட்டேன். பதினைந்து வயது. கணினி விஷயத்தில் எங்கள் வீட்டு மூத்த உறுப்பினர் அவள்தான்.

இரண்டு நிமிஷம் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அப்பா, பிரவுசருக்குள்ள ஒரு ஃபோல்டர் இருக்கு. அதுல ஒரே ஒரு ஃபைல். நாலு ஜிபி.”

“யாரு வச்சது?”

“பிரவுசரே வச்சிருக்கு. ஏஐ மாடல். நீங்க ஏதாவது எழுதினா உங்களுக்கு உதவி பண்ணும்.”

“நான் கேக்கலையே.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “எந்தக் கேக்கல?”

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் கேள்வி கேட்பதற்கு ஒரு சொல், உதவி கேட்பதற்கு இன்னொன்று, காதில் விழுவதற்கு வேறொன்று, சொன்ன பேச்சைக் கேட்பதற்குத் தனியாக ஒன்று. நாம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவளை அதிகமாகப் பாடுபடுத்திய வினைச்சொல் இதுதான்.

“நீங்க அதுகிட்ட கேக்கலையா, அது உங்ககிட்ட கேக்கலையா, இல்ல அது சொன்னது உங்களுக்குக் கேக்கலையா?”

“மூணும்தான்” என்றேன்.

2

அந்தக் கோப்புக்கு ஆங்கிலத்தில் வைத்திருந்த பெயருக்கு ‘எடைகள்’ என்று அர்த்தம். செயற்கை மூளையின் உள்ளே இருக்கிற எண்களை அப்படித்தான் சொல்வார்களாம். நான் அதை அழித்தேன். இடம் கிடைத்தது. படிவத்தைச் சேமித்தேன், உண்ணியைப் பிடுங்க அனுமதி கொடுத்தேன், நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

மறுநாள் அது திரும்ப வந்திருந்தது. அதே ஃபோல்டர், அதே எடை. பெட்டியைக் கட்டி பஸ் ஏற்றிவிட்ட விருந்தாளி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்து, “குடையை விட்டுட்டேன்” என்று நாற்காலியில் உட்கார்ந்தது மாதிரி இருந்தது. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. எனக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். இருபத்தோரு வருஷமாக ஒவ்வொரு கட்டத்திலும் ஆம், இல்லை போட்டுக் கையெழுத்துப் போட்ட ஒருவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் ஆம் என்றே சொல்லியிருப்பேன். எதையும் படிக்காமல் ஆம் போடுகிறவன்தான் நான். அது அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கவில்லை.

“ஏன் இவ்ளோ டென்ஷன் ஆகுறீங்க? உங்களுக்கு ஹெல்ப் பண்ணத்தான இருக்கு” என்றாள் இனியா.

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவில் அவளே இரண்டு மொழியில் எழுதி ஒட்டிய அட்டை ஒன்று இருக்கிறது. ஜெர்மன் வாசகம் பிழையில்லாதது. தமிழில், ‘கேட்டுவிட்டு வரவும்’ என்று எழுத நினைத்து ஒரு நெடிலைக் குறிலாக்கி, ‘கெட்டுவிட்டு வரவும்’ என்று எழுதியிருக்கிறாள். இரண்டு வருஷமாக நான் அதைத் திருத்தவில்லை. அந்த நிபந்தனையை நான் எப்போதோ பூர்த்தி செய்துவிட்டபடியால் தாராளமாக உள்ளே போய்வந்துகொண்டிருக்கிறேன். (இதை இங்கே எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். ஒரு சாக்லேட்டுக்குச் சம்மதித்தாள்.)

3

எடை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பேச்சியக்கா ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால், மூன்று வாரமாகவே அவள் ஞாபகம்தான். அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை.

கூடப்பிறந்தவள், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் சரம் பின்னினாள். அவள் பின்னினாள், நான் படித்தேன். வீட்டில் அப்படியொரு வேலைப் பிரிவினை. அதை யார் முடிவு செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தான் தவறிப்போன பிறகு, பிள்ளைகளும் இல்லாததால், விருதுநகரில் மிளகாய் மண்டிகளுக்குப் பின்னால் நான் கட்டிய சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் தெருவே தும்மும்.

பட்டாசுக் கம்பெனி அறைகளைப் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அறையும் தனித்தனியாக, இடைவெளி விட்டுக் கட்டியிருக்கும். வெளிச்சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும்: அறை எண் இத்தனை, வேலை இன்னது, ஆள் இத்தனை, மருந்து இத்தனை கிலோ. அங்கே மருந்து என்றால் வெடிமருந்து. ஆள் நாலு என்று எழுதியிருந்தால் அஞ்சாவது ஆள் தண்ணீர் கேட்டுக்கூட உள்ளே வரக் கூடாது. அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்தச் சுவரில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் படிப்பாள்.

ஒரு தீபாவளி சீசனில், ஆர்டர் குவிந்து கிடந்த சமயம், வேறு அறையில் முடிந்த சரக்கை சூப்பர்வைசர் கொண்டுவந்து இவர்கள் அறையில் அடுக்கப் பார்த்தார்.

“ஒரு ஓரமா இருக்கட்டும் பேச்சி. சாயங்காலம் லோடு ஏறிரும்.”

அக்கா பின்னிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்தாள். மற்ற மூன்று பெண்களையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன பேச்சி, ஓரமாத்தான இருக்கு?”

“ஓரமா இருந்தா அதுக்கு வெடிக்க மறந்துருமாண்ணே? அங்கன சுவத்துல எம்புட்டு எழுதிருக்குன்னு பாருங்க. எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?”

சூப்பர்வைசர் சரக்கை எடுக்கும்வரை ஒன்றரை மணி நேரம் நாலு பேரும் எழுந்திருக்கவில்லை. இதை அக்கா எனக்குச் சொன்னபோது வீரக் கதையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு வேப்பமரத்தடியில் நல்ல காற்று என்றுதான் சொன்னாள்.

4

இந்தச் சித்திரையில் ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டு ரோஸ்லின் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சங்கதி சொன்னார். ரிட்டயரான டீச்சர். இன்னும் யாரைப் பார்த்தாலும் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரிதான் பார்ப்பார்.

“தம்பி, அவுக உங்ககிட்ட சொல்ல மாட்டாக. போன மாசம் காலைல தல சுத்தி ஹால்ல விழுந்துட்டாக. நான் மத்தியானம் மீன்கொழம்பு குடுக்கலாம்னு போய்த்தான் பாத்தேன். அதுவரைக்கும் கீழதான் கெடந்துருக்காக.”

காலையிலிருந்து மத்தியானம் வரை. அந்த நேரத்தில் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதி நேரம் தூங்கியிருப்பேன். மீதி நேரம் ஒரு கூட்டத்தில், அடுத்த கூட்டத்தை எப்போது வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

மறுநாளே கேமரா வாங்கிவிட்டேன். புலம்பெயர்ந்தவனின் பாசம் பொருளாகத்தான் வெளிப்படும். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் அப்படித்தான் வந்தது, இன்வெர்ட்டர் அப்படித்தான் வந்தது, அக்கா இன்றுவரை துணி மடித்து வைக்க மட்டும் பயன்படுத்துகிற நடைப்பயிற்சி மெஷினும் அப்படித்தான் வந்தது. கடையிலிருந்து ஒருவர் ஏணியோடு வந்து ஹால் மூலையில், கூரைக்குக் கொஞ்சம் கீழே, கேமராவை மாட்டினார்.

“என்னத்துக்குலே இது?” என்றாள் அக்கா.

“உன் நல்லதுக்குத்தான்க்கா. ஒரு ஓரமாத்தான இருக்கு.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மாட்ட வந்தவரிடம் என்னவோ விசாரித்தாள். அவரும் ஏணியில் நின்றபடி பதில் சொன்னார். நான் வைஃபை கடவுச்சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு டிராமில் வேலைக்குப் போகும்போது செல்பேசியில் அக்காவைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பூண்டு உரிப்பாள். கீழே உட்கார்ந்து தலை சீவுவாள், உதிர்ந்த முடியைச் சுருட்டி விரலில் சுற்றுவாள். டி.வி.யில் வருகிற மாமியாரைத் திட்டுவாள். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் சிரிப்பேன். அக்காவோடு இவ்வளவு நேரம் நான் இருந்ததே இல்லை என்றுகூடத் தோன்றியது. அக்கா என்னோடு இல்லை என்பது மட்டும் தோன்றவில்லை.

ஒருநாள் போனில் சாதாரணமாகக் கேட்டேன். “ஏன்க்கா மத்தியானம் வெறும் ஊறுகாயும் சோறும்? குழம்பு வைக்கலையா?”



“உனக்கு எப்படித் தெரியும்?”

“கேமராவுல பாத்தேன்.”

“ம்” என்றாள். வைத்துவிட்டாள்.

மறுநாள் டிராமில் செல்பேசியைத் திறந்தால் திரை முழுக்கச் சாம்பல் நிறம். கேமரா கெட்டுவிட்டதென்று நினைத்தேன். உற்றுப் பார்த்தபோது தெரிந்தது, அது அட்டை. சிவகாசியில் அச்சடித்த தினசரி காலண்டரின் பின்பக்கம். கேமராவுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது.

போன் போட்டேன். “காலண்டரை ஏன்க்கா அங்கன மாட்டிருக்க?”

“ஆணி அங்கனதான் இருந்துச்சு.”

அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் பேச்சு முழுக்க ஒரே வரியில் முடிந்தது: “இருக்கேன். சாப்பிட்டேன். வச்சிருதேன்.” நான் டிராமில் தினமும் சாம்பல் அட்டையைப் பார்த்துக்கொண்டு போனேன். அதற்குப் பின்னால் அவள் நடமாடுகிறாளா, கீழே கிடக்கிறாளா என்று தெரியாது. கேமராவைக் கழற்று என்று அவளும் சொல்லவில்லை, அட்டையை எடு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

5

எடைகள் மூன்றாவது தடவை திரும்பி வந்த சனிக்கிழமை காலையில், யாரிடமாவது புலம்ப வேண்டும் போலிருந்தது. ஊரில் அப்போது மத்தியானம் இரண்டு மணி. அக்காவைக் கூப்பிட்டேன்.

“இருக்கேன்லே. சாப்பிட்டேன். வச்…”

“வச்சிராதக்கா. ஒரு அநியாயத்தைக் கேளு.”

“என்னது?”

“என் கம்ப்யூட்டருக்குள்ள என்னைக் கேக்காம ஒரு மூட்டைய இறக்கி வச்சிட்டான்.”

“எவன்?”

“பிரவுசர் கம்பெனிக்காரன். இண்டர்நெட் பாக்குறதுக்குப் போட்டு வச்சிருக்கோம்லா, அது.”

“பாக்குறதுக்குன்னு வந்தவனா மூட்டைய வச்சான்? அதுக்குள்ள என்ன இருக்கு?”

“மூளைங்காக.”

“யாரு மூளை?”

“யாரோடதும் இல்ல. மெஷின் மூளை. அதுவா பேசும், அதுவா எழுதும்.”

“வேண்டாம்னா எடுத்துத் தூரப் போட வேண்டியதுதான.”

“மூணு தடவ போட்டேன். மூணு தடவையும் திரும்பி வந்துருச்சு.”

“எதுக்கு வச்சானாம்?”

“என் நல்லதுக்காம்.”

ஏதோ வேலையாக இருந்த அக்கா அதை நிறுத்திவிட்டாள் என்று சத்தத்திலிருந்து தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“எங்கன வச்சிருக்கான்? ஹால்லயா?”

“இல்லக்கா, உள்ள, ஒரு ஓர…”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்து விழுங்க வழியில்லை.

அக்கா சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு. மண்டிப் பக்கமிருந்து காற்று வந்திருக்க வேண்டும், நடுவில் இரண்டு தும்மலும் போட்டாள். “ஓரமாத்தானலே இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். நாலு பேரக் கூட்டிட்டு வேப்பமரத்துக்கு வாரியா?”

“கேமராவச் சொல்லுதியாக்கா?”

“வேற எதைச் சொல்ல.”

“அன்னைக்கே வேண்டாம்னு சொல்லிருக்கலாம்லா?”

“நான் கேட்டேன்லே அவருகிட்ட, மாட்ட வந்தவருகிட்ட. ‘இது கேக்குமாப்பா?’ன்னேன். ‘கேக்கும்மா, நல்லாவே கேக்கும்’னாரு. சரின்னு இருந்துட்டேன்.”

“காது இருக்குக்கா அதுக்கு. பேசுறது கேக்கும். அதைத்தான் சொல்லிருப்பாரு.”

“எனக்கு எப்படித் தெரியும்? நீ வீடியோவுல கூப்பிட்டா மணி அடிக்குதுல்ல. நான் சேலையச் சரி பண்ணிட்டு, முகத்தைத் தொடச்சிட்டு, பச்சைய அமுக்குதேன். பிறகுதான நீ பாக்க. அது மாதிரி இதுவும் பாக்கலாமான்னு கேட்டுட்டுத்தான் பாக்கும்னு நினைச்சேன். எப்படா கேக்கும்னு இருந்தேன். ஒருநாள்கூடக் கேக்கல. சரி, தம்பிக்கு வேலை, பாக்க நேரமில்ல போலன்னு நினைச்சிக்கிட்டேன். பாத்தா, ஊறுகாய் வரைக்கும் பாத்துருக்க.”

ஊறுகாயோடு நின்றதாக நினைக்கிறாள். தலைமுடியை விரலில் சுற்றியதையும் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னேன். “ம்” என்றாள். இது வேறு மாதிரி ‘ம்’.

பிறகு, எதையோ முறத்தில் தட்டிக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னாள்.

“என்கிட்ட எவன்லே எதைக் கேட்டான். கம்பெனிக்கு அனுப்பும்போது கேக்கல. கல்யாணத்துக்குக் கேக்கல. நீ அந்த நடக்கிற மெஷின் வாங்கும்போது கேட்டியா? இந்த மெஷினாவது கேக்கும்னு அவரு சொன்னாரா, எனக்கு ஒரு மாதிரி நல்லா இருந்துச்சு.”

இனியாவின் நாலு பக்கப் படிவம் மேஜையில் கிடந்தது. உண்ணிக்கு ஒரு கட்டம். அக்காவின் அறுபத்துமூன்று வருஷத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அந்தப் பிரவுசர்காரனைத் திட்டிக் கடிதம் எழுத மனதுக்குள் வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். அந்த வாக்கியங்களில் பெயரை மட்டும் மாற்றினால் எனக்கே அனுப்பலாம்.

“கழட்டிரச் சொல்லவாக்கா?” என்று கேட்டேன்.

“இப்பத்தான் கேக்குத.”

“ஆமா. கேக்குதேன்.”

“வேண்டாம். அன்னைக்குக் கீழ கெடந்தேன்லா. கதவு சாத்திருக்கு, ஃபேன் ஓடுது. யாராவது ஒருத்தர் என்னைய எங்கன்னு கேக்க மாட்டாகளான்னு இருந்துச்சு. எனக்கு ஆளு வேணும்லே. அதுக்குன்னு கதவில்லாத வீட்டுல குடியிருக்க முடியாது.”

“அப்ப என்னக்கா செய்யலாம்?”

“போர்டு எழுதுவோம். பேப்பர் பேனா எடு.”

எடுத்தேன். பேச்சியம்மாள் சொல்லச் சொல்ல எழுதியது இது:

அறை: ஹால். வேலை: தேதி கிழிக்கிறது. ஆள்: ஒண்ணு. மருந்து: காலையில் ஒரு சுகர் மாத்திரை, சாயங்காலம் ஒண்ணு. கேமரா: ஒண்ணு, காலண்டரைப் பார்க்க மட்டும்.

“காலண்டரை எதிர்ச் சுவத்துக்கு மாத்திருதேன். கேமராவ அதைப் பாத்துத் திருப்பி வச்சிருதோம், நானும் டீச்சரும். தினம் காலைல எந்திரிச்சு நான் தேதியக் கிழிச்சா, இருக்கேன்னு அர்த்தம். கிழிக்கலைன்னா போன் போடு. நான் எடுக்கலைன்னா டீச்சருக்குப் போடு. என்னையப் பாக்கணும்னா மணி அடி, முகத்தைத் தொடச்சிட்டு வாரேன். இன்னொண்ணு.”

“சொல்லு.”

“அது கேக்குறத நிறுத்து. நீ கேக்குறத ஆரம்பி.”

மைக்கை அன்றைக்கே அணைத்துவிட்டேன். இனியாவும் என் கணினியில் எங்கெங்கோ உள்ளே போய், ஏழு பக்கம் தாண்டி ஒளித்து வைத்திருந்த ஒரு பொத்தானைக் கண்டுபிடித்து அணைத்தாள். எடைகள் இப்போதைக்கு இல்லை. அடுத்த புதுப்பிப்பில் குடையைத் தேடிக்கொண்டு வரலாம்.

6

இப்போது டிராமில் நான் பார்ப்பது ஒரு சுவரும் ஒரு காலண்டரும். மேலே முருகன், கீழே பெரிய எழுத்தில் தேதி, அதற்கும் கீழே ராகுகாலம். நான் ஜெர்மனியில் எழுந்திருக்கும்போது ஊரில் தேதி கிழித்து மூன்று நாலு மணி நேரம் ஆகியிருக்கும். என் நாளை எனக்கு முன்பே அக்கா தொடங்கி வைத்துவிடுகிறாள். எதிர் சீட்டில் உட்காருகிற அம்மாள் ஒருமுறை என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, அது என்ன விளையாட்டு என்று கேட்டார். விளையாட்டில்லை, என் சகோதரி என்றேன். அதிலிருந்து அவர் வேறு சீட்டில் உட்காருகிறார்.

காலண்டர் இடம் மாறிய பிறகு பேச்சும் பழைய நீளத்துக்கு வந்துவிட்டது. அக்கா இப்போது ஊறுகாய் சாப்பிட்டால் அவளே சொல்கிறாள். நான் கேட்பேன், அவள் சொல்வாள். அவள் சொல்வாள், நான் கேட்பேன். இந்த இரண்டு கேட்பதும் ஜெர்மன் மொழியில் வேறு வேறு என்று இனியா சொன்னாள். எனக்கு இப்போது அவ்வளவு வேறாகத் தெரியவில்லை.

போன வாரம் ஒருநாள் டிராமில் செல்பேசியைத் திறந்தேன். முந்தின நாள் தேதி. ஊரில் பத்தரை மணி. படம் நின்றுவிட்டதோ என்று மூடித் திறந்தேன். அதே தேதி. முருகன் அசையாமல் இருந்தார், அவர் எப்போதும் அப்படித்தான். ஆனால் அட்டையின் கீழ் ஓரம் ஃபேன் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. படம் நிற்கவில்லை. ஃபேன் ஓடுகிறது. தேதி மட்டும் கிழியவில்லை.

இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று தெரியாது, அங்கிருந்து விருதுநகருக்கு நடந்து போக முடியாது. போன் போட்டேன். அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஆறு தடவை மணி அடித்த பிறகு ரோஸ்லின் டீச்சரின் எண்ணை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன், அது செல்பேசியில் இருக்கிறது என்பதையே மறந்து.

“என்னலே?”

“அக்கா. தேதி கிழிக்கலையே?”

“தெரியும்.”

“உடம்புக்கு ஏதும்…”

“ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்.”

“பிறகு ஏன்க்கா?”

“நீ கேக்குதியான்னு பாத்தேன்.”

திட்ட வேண்டும் போலிருந்தது. அதற்கு மூச்சு வேண்டும், அது இன்னும் வந்து சேரவில்லை. முன்பின் தெரியாத ஒரு நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“பாத்துக்கிட்டு இருக்கியா?” என்றாள்.

“பாக்கலாமா?”

“பாரு.”

செல்பேசியைக் காதிலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, கேமராவின் படத்தைத் திறந்தேன். சுவர், முருகன், நேற்றைய தேதி. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் உள்ளே வந்தது. இரண்டு கண்ணாடி வளையல், சரம் பின்னிப் பின்னி நுனி தேய்ந்த விரல்கள். தாளைப் பிடித்தது, அவசரமில்லாமல் ஒரு கணம் நின்றது, கிழித்தது.

படத்தில் சத்தம் வரவில்லை. மைக்கை அணைத்தாயிற்று. போனில்தான் கேட்டது, நல்லாவே கேட்டது.